வீடியோ இலவசம், சந்தேகம் கேட்க ஆள்? கால்குலஸ் கற்கும் புதுச்சேரி

சிபிஎஸ்இ பிளஸ் டூ கணிதத்தில் எழுத்துத் தேர்வு 80 மதிப்பெண்ணுக்கு நடக்கிறது. அதில் 35 மதிப்பெண் கால்குலஸ் என்ற ஒரே பகுதிக்குப் போகிறது. புதுச்சேரி அரசுப் பள்ளிகளில் 2023-24-ல் பிளஸ் ஒன் வகுப்பு தமிழ்நாடு பாடத்திட்டத்தை விட்டு சிபிஎஸ்இ-க்கு மாறியது. அந்த மாணவர்கள் 2025-ல் முதல்முறையாக சிபிஎஸ்இ பிளஸ் டூ எழுதினார்கள். சென்டாக் மூலம் பொறியியல் இடம் வாங்க பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. ஆக, 'வகைக்கெழு' என்று படித்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளை திடீரென்று 'டெரிவேட்டிவ்' என்று படிக்க வேண்டிய நிலையில், கையில் இருப்பது ஒரு ஆங்கிலப் பாடநூல், ஒரு ஸ்மார்ட்போன்.

"யூடியூப்ல எல்லாம் இருக்கே, பார்த்துப் படிச்சுக்க வேண்டியதுதானே?" என்ற அறிவுரை அங்கேதான் ஆரம்பிக்கிறது. வீட்டில் சொல்கிறார்கள், பள்ளியில் சொல்கிறார்கள். கல்லூரிக்குப் போனால் அங்கேயும் இதுதான். ஐடி வேலையில் இருந்துகொண்டு டேட்டா சயின்ஸுக்கு மாற நினைக்கும் 26 வயதுக்காரரும் தனக்குத்தானே இதைத்தான் சொல்லிக்கொள்கிறார்.

எல்லாம் இருப்பது உண்மைதான். ஆனால் அந்த 'எல்லாம்' என்பதில் எது இருக்கிறது, எது இல்லை என்று பார்க்காமல் சொல்லப்படும் அறிவுரை, அறிவுரை சொல்பவரின் பொறுப்பைக் குறைக்கிறதே தவிர, கேட்பவருக்குப் பெரிதாக உதவுவதில்லை.

அமெரிக்காவின் எம்ஐடி, அதாவது மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனம் (குரோம்பேட்டை எம்ஐடி வேறு!), தன் பாடங்களை உலகத்துக்கு இலவசமாகத் திறந்துவிடப் போவதாக 2001 ஏப்ரலில் அறிவித்தது. 'ஓப்பன் கோர்ஸ்வேர்' என்று பெயர். இன்று அங்கே டேவிட் ஜெரிசன் 2006-ல் எடுத்த ஒற்றை மாறி கால்குலஸ் வகுப்புகள் இருக்கின்றன. டெனிஸ் ஓரூ 2007-ல் எடுத்த பல மாறி கால்குலஸ் இருக்கிறது. கில்பர்ட் ஸ்ட்ராங் எழுதிய கால்குலஸ் பாடநூல் முழுதாகவே இலவச பிடிஎஃப். ஹெர்பர்ட் கிராஸ் 1970-ல் கருப்பு வெள்ளையில் எடுத்த வகுப்புகள்கூட இருக்கின்றன. அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் அவை பழசாகவில்லை. கால்குலஸில் அப்டேட் வருவதில்லை என்பது ஒரு பெரிய சௌகரியம்.

இந்தியாவில் 2003-ல் ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து தொடங்கிய என்பிடெல் இருக்கிறது. 2014 முதல் தேர்வும் சான்றிதழும் உண்டு. சென்னை ஐஐடியின் அரிந்தம சிங், கான்பூர் ஐஐடியின் ஜாய்தீப் தத்தா ஆகியோரின் அடிப்படை கால்குலஸ் வகுப்புகள் யாரும் பார்க்கும்படி கிடைக்கின்றன. இவற்றுக்கு மேல் 2017-ல் மத்திய அரசின் 'ஸ்வயம்' தளமும் வந்தது. ஒரு பட்டப்படிப்பின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் படித்து கிரெடிட் வாங்கலாம் என்று 2021-ல் யுஜிசி விதியே கொண்டுவந்தது. அதற்கு முன் இந்த வரம்பு 20 சதவீதம்.

ஆக, நல்ல விரிவுரை கிடைக்கவில்லை என்ற பிரச்சினை தீர்ந்து இருபது வருடம் ஆகப்போகிறது. லாஸ்பேட்டையில் இருக்கும் மாணவிக்கும் பாஸ்டனில் இருக்கும் மாணவிக்கும் அதே கரும்பலகைதான். பிறகு ஏன் கால்குலஸ் இன்னும் பயமுறுத்துகிறது?

'புரிஞ்ச மாதிரி இருக்கு' என்ற பொறி

நல்ல ஆசிரியர் ஒருவர் பலகையில் கணக்குப் போடுவதைப் பார்ப்பது சுகமான அனுபவம். ஒவ்வொரு வரியும் முந்தைய வரியிலிருந்து இயல்பாக வருகிறது. தலை தானாக ஆடுகிறது. வீடியோ முடிந்ததும் 'ஓ, அவ்வளவுதானா!' என்று தோன்றுகிறது. அடுத்த நாள் அதே கணக்கை வெள்ளைத் தாளில் எழுத உட்கார்ந்தால் இரண்டாவது வரியில் பேனா நிற்கிறது.

இது சோம்பேறித்தனம் இல்லை, மூளை வேலை செய்யும் விதம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் மாணவர்களிடம் செய்யப்பட்டு 2019-ல் வெளியான ஆய்வு இதை நேரடியாகவே சோதித்தது. ஒரு பிரிவுக்கு அருமையான விரிவுரை. இன்னொரு பிரிவுக்கு அதே பாடம், ஆனால் மாணவர்களே குழுவாக உட்கார்ந்து கணக்கோடு மல்லுக்கட்ட வேண்டும். விரிவுரை கேட்டவர்கள் 'நிறைய கற்றுக்கொண்டோம்' என்றார்கள். மல்லுக்கட்டியவர்கள் 'அவ்வளவாகக் கற்கவில்லை' என்றார்கள். தேர்வு வைத்துப் பார்த்தால் முடிவு தலைகீழ். கஷ்டப்பட்டவர்கள்தான் அதிகம் கற்றிருந்தார்கள்.

வீடியோவில் இந்தப் பொறி இன்னும் ஆழம். வகுப்பில் வாத்தியார் திரும்பி "நீ சொல்லு பார்ப்போம்" என்று கேட்டுவிடலாம். யூடியூப் கேட்காது. 1.5 மடங்கு வேகத்தில் ஓடவிட்டால் அதுவும் சம்மதம்.

எம்ஐடியும் ஹார்வர்டும் 2012 முதல் 2018 வரை நடத்திய இலவச ஆன்லைன் படிப்புகளின் கணக்கை இரண்டு ஆய்வாளர்கள் 2019-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். பதிவு செய்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பாடத்துக்குள் நுழையவே இல்லை. 2017-18-ல் பதிவு செய்தவர்களில் படிப்பை முடித்தவர்கள் 3.13 சதவீதம்! பணம் கட்டிச் சான்றிதழுக்குப் பதிந்தவர்களில் மட்டும் பார்த்தால் ஏறக்குறைய பாதிப்பேர் முடித்தார்கள். 'காசு கொடுத்தால்தான் படிப்பான்' என்று இதற்கு அர்த்தம் சொல்பவர்கள் உண்டு. அது பாதி உண்மை. காசு கட்டியவருக்கு ஏற்கெனவே ஒரு நோக்கம், ஒரு தேதி, கொஞ்சம் நேரம், பெரும்பாலும் ஓரளவு அடித்தளம் இருந்திருக்கும் என்பதும் அதில் அடக்கம்.

கடற்கரைச் சாலையில் ஒரு வகைக்கெழு

கால்குலஸ் என்பது என்ன என்று புதுச்சேரிக்காரருக்கு விளக்க ஜெரிசன் தேவையில்லை. பீச் ரோடு போதும்.

புதுச்சேரிக் கரையை ஒட்டி மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. ஒரு பக்கம் மணல் வரவு, இன்னொரு பக்கம் செலவு. இரண்டும் சமமாக இருந்தவரை கடற்கரை அப்படியே இருந்தது. 1980-களின் கடைசியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர்கள் கட்டப்பட்டன. மணல் சுவருக்குத் தெற்கே தங்கியது. வடக்கே வரவு நின்றது, செலவு நிற்கவில்லை. வருடங்கள் போகப் போக ஊரின் முகமாக இருந்த மணல் பரப்பு போய், கருங்கல் குவியல் வந்தது.

ஒரு குறிப்பிட்ட நாளில் மணல் எவ்வளவு வேகமாகக் கூடுகிறது அல்லது குறைகிறது என்பதுதான் வகைக்கெழு. இத்தனை வருடத்தில் அந்த மாற்றங்களையெல்லாம் கூட்டினால் மொத்தம் எவ்வளவு போனது என்பது தொகையீடு. கால்குலஸ் முழுக்க இந்த இரண்டு கேள்விகளும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் வழியும்தான். தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் தலைமைச் செயலகம் அருகே கடலுக்கடியில் தடுப்பு அமைத்த பிறகு அங்கே மறுபடி மணல் சேர்ந்தது. அதாவது வேகம் மைனஸிலிருந்து ப்ளஸுக்கு மாறியது. ஆனால் வேகம் ப்ளஸ் ஆவதும் இழந்தது முழுக்கத் திரும்பி வருவதும் ஒன்றல்ல. தேர்வில் மாணவர்கள் அதிகம் குழம்பும் இடமும் இதுதான். சார்பு ஒன்று, அதன் வகைக்கெழு வேறொன்று. செய்தி படிக்கிறவர்களும் இங்கே தடுக்கி விழுவதுண்டு. 'விலைவாசி உயர்வு குறைந்தது' என்றால் விலை குறைந்துவிட்டதாக நினைப்பது இதே தவறுதான்.

சரி, வேகத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு பொருள் போகும் தூரம் நேரத்தின் வர்க்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 நொடியில் 9 மீட்டர். அந்த 3-வது நொடியில் அதன் வேகம் என்ன? 3.1 நொடியில் தூரம் 9.61. கூடுதல் தூரம் 0.61, கூடுதல் நேரம் 0.1. வகுத்தால் 6.1. இடைவெளியைச் சுருக்குங்கள். 3.01 நொடியில் 9.0601. வகுத்தால் 6.01. இன்னும் சுருக்கினால் 6.001. எங்கே போய் நிற்கப் போகிறது என்று தெரிகிறது அல்லவா? 6. அந்த 'போய் நிற்கும் இடம்'தான் எல்லை. 'டிஒய் பை டிஎக்ஸ்' என்று பயமுறுத்தும் சமாச்சாரம் இவ்வளவுதான்.

இதைப் படித்ததும் 'புரிஞ்ச மாதிரி இருக்கு' என்று தோன்றினால், மேலே சொன்ன பொறியை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

சோழி வைத்துக் கிரகணம் கணித்தவர்

இருநூறு வருடம் முன்பு இதே ஊரில் நடந்த ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்த ஜான் வாரன் என்ற அளவையாளர், தென்னிந்தியக் காலக்கணிதம் பற்றி 'கால சங்கலித' என்ற பெரிய நூலை 1825-ல் சென்னையில் வெளியிட்டார். புதுச்சேரியில் வசித்த ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர், தரையில் சோழிகளை அடுக்கியும் மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைச் சொல்லியுமே, அந்த வருடம் வரவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை வாரன் பதிவு செய்கிறார். காகிதம் இல்லை, பேனா இல்லை. வாரன் கூடவே இன்னொன்றும் எழுதுகிறார்: இந்தக் கணக்குக்குப் பின்னால் இருக்கும் வானியல் கோட்பாடு அந்த மனிதருக்குத் தெரியாது. நினைவாற்றல் அபாரம், செய்முறை பிசகவில்லை. ஏன் என்பது மட்டும் இல்லை.

அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பஞ்சாங்கம் எழுத அது போதும். ஆனால் இன்றைக்கு ஃபார்முலா பட்டியலை மனப்பாடம் செய்து 35-க்கு 30 வாங்கிவிட்டு, பொறியியல் முதல் செமஸ்டரில் மாட்டிக்கொள்ளும் மாணவரின் நிலை இதைவிட மோசம். பஞ்சாங்கக்காரருக்கு அவர் செய்முறை கடைசிவரை சோறு போட்டது. மாணவருக்கு ஒரு வருடம்கூடத் தாங்குவதில்லை.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் பக்கத்திலேயே இருக்கிறது. கேரளத்தில் சங்கமகிராம மாதவனின் வழிவந்தவர்கள், ஐரோப்பாவில் நியூட்டனும் லைப்னிட்ஸும் பிறப்பதற்கு முன்பே, முடிவிலாத் தொடர்களைக் கண்டுபிடித்திருந்தார்கள். அந்தப் பள்ளியின் ஜ்யேஷ்டதேவர் 16-ம் நூற்றாண்டில் 'யுக்திபாஷா' எழுதினார். அதில் முடிவுகள் மட்டுமல்ல, அவை ஏன் சரி என்ற விளக்கமும் உண்டு. முக்கியமான விஷயம், அதை அவர் மலையாள உரைநடையில் எழுதினார். அறிஞர்களின் மொழியாக சமஸ்கிருதம் இருந்த காலத்தில், 'ஏன்' என்பதைச் சொல்ல வேண்டிவந்தபோது பேசும் மொழியைத்தான் எடுத்தார்.

மொழி என்ற கூடுதல் கட்டணம்

ஒரு தமிழ் மாணவி என்பிடெல் கால்குலஸ் பார்க்கும்போது ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறார். பேராசிரியரின் ஆங்கிலத்தைப் பின்தொடர வேண்டும், கணக்கையும் பின்தொடர வேண்டும். 'லிமிட்' என்றால் எல்லை, 'டேஞ்சன்ட்' என்றால் தொடுகோடு, 'ஸ்லோப்' என்றால் சாய்வு என்று ஒவ்வொன்றும் மனதுக்குள் மாறி வரும் அரை நொடியில் பலகையில் அடுத்த வரி வந்துவிடுகிறது. அவருக்குக் கணக்கு வரவில்லை என்று பிறகு சொல்வார்கள்.

என்பிடெல் தன் பாடங்கள் பலவற்றை எழுத்து வடிவில் தமிழ் உட்பட இந்திய மொழிகளுக்கு மாற்றிக் கொடுக்கிறது. நல்ல முயற்சி. ஆனால் கணக்குக்கு மொழிபெயர்த்த வரியைவிட, "இந்த இடத்துல எதுக்கு வகுக்கிறோம்னு சொல்லு" என்று தமிழில் கேட்கும் ஒரு மனிதர் அதிகம் பயன்படுவார். கலைச்சொல் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும், பிரச்சினை இல்லை. 'டெரிவேட்டிவ்' என்றே சொல்லலாம். அதைச் சுற்றியுள்ள வாக்கியம் தமிழில் இருக்க வேண்டும். சைக்கிள் கடையில் 'பெடல்', 'செயின்' எல்லாம் இப்படித்தான் தமிழாகின.

இன்னொரு செலவு திரை. விரிவுரைகள் பெரும்பாலும் முழுப் பலகையைக் காட்டுவதற்காக எடுக்கப்பட்டவை. ஆறு இன்ச் போனில், பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பதுபோல்தான் இருக்கும். அடுக்குக்குறி 2-ஆ 3-ஆ என்று தெரியாமல் ஜூம் செய்துகொண்டிருக்கும்போதே நடுவில் ஒரு வாட்ஸ்அப் நோட்டிஃபிகேஷன். லேப்டாப் இருக்கிற வீட்டுப் பிள்ளையின் 'இலவசம்' வேறு, இல்லாத வீட்டுப் பிள்ளையின் 'இலவசம்' வேறு.

கல்லூரிகள் செய்யும் சௌகரியம்

யுஜிசி-யின் 40 சதவீத விதி நல்ல நோக்கத்தோடு வந்தது. தன் கல்லூரியில் இல்லாத பாடத்தை ஒரு மாணவர் ஐஐடி ஆசிரியரிடம் படிக்க முடிகிறது. அதை யாரும் எதிர்க்க முடியாது. ஆனால் இந்த விதியை வைத்துக்கொண்டு, 'அதான் வீடியோ இருக்கே' என்று கணித ஆசிரியர் இடத்தைக் காலியாக விட்டுவைக்கும் ஆசை எந்த நிர்வாகத்துக்கும் வரலாம். அங்கேதான் ஆபத்து.

என்பிடெல் 12 வாரப் படிப்பில் வாராந்திர அசைன்மென்டுக்கு 25 சதவீதம், நேரில் எழுதும் தேர்வுக்கு 75 சதவீதம். படிப்பில் சேர்வது இலவசம், தேர்வுக்கு மட்டும் சுமார் 1000 ரூபாய் கட்டணம். அமைப்பு சரியாகத்தான் இருக்கிறது. கிரெடிட் மட்டும் குறியாக இருக்கும்போது என்ன ஆகிறது என்பது மாணவர்களுக்கே தெரியும். வீடியோ ஒரு டேபில் மௌனமாக ஓடுகிறது, அசைன்மென்ட் விடை குரூப்பில் வந்து விழுகிறது, தேர்வுக்கு முந்தைய வாரம் பழைய வினாக்கள். இப்படிப் படித்தவர் கையில் சான்றிதழ் இருக்கும், கால்குலஸ் இருக்காது.

வீடியோவால் உண்மையில் கிடைத்த லாபம் எது? ஆசிரியரின் நேரம். ஒரு மணி நேரம் பலகையில் எழுதிக்காட்டும் வேலையை ஜெரிசனோ அரிந்தம சிங்கோ பார்த்துக்கொள்கிறார்கள் என்றால், உள்ளூர் ஆசிரியர் அந்த ஒரு மணி நேரத்தை மாணவர்களின் நோட்டைப் பார்ப்பதில் செலவிட முடியும். யாருக்கு எந்த வரியில் பேனா நிற்கிறது என்று அருகில் நின்று பார்க்கலாம். 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014-ல் வந்த ஓர் அலசல், அறிவியல், கணிதப் பாடங்களில் விரிவுரை மட்டும் கேட்ட மாணவர்கள், வகுப்பிலேயே செய்து பார்த்துப் படித்தவர்களைவிட ஒன்றரை மடங்கு அதிகமாகத் தோற்கும் வாய்ப்பு இருப்பதாகச் சொன்னது. அதாவது விரிவுரையை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வீட்டுப்பாடத்தை வகுப்புக்குக் கொண்டுவர வேண்டும். ஆசிரியரையே வீட்டுக்கு அனுப்புவது இதில் வராது.

புதுச்சேரி சின்ன ஊர். இங்கே இது ஒன்றும் ஆகாத காரியமில்லை. 1827-ல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகம் இருக்கிறது. தாகூர் கலைக் கல்லூரி, பாரதிதாசன் மகளிர் கல்லூரி, காஞ்சி மாமுனிவர் பட்ட மேற்படிப்பு மையம், காலாப்பட்டில் மத்தியப் பல்கலைக்கழகம், புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் எல்லாம் ஒரு டவுன் பஸ் தூரத்தில் இருக்கின்றன. கணிதம் முதுகலை படிக்கும் இரண்டு பேர், சனிக்கிழமை இரண்டு மணி நேரம், ஒரு பெரிய மேஜை. வாரம் ஒரு விரிவுரையைப் பார்த்துவிட்டு வர வேண்டும், வந்தால் கணக்கு மட்டும்தான், லெக்சர் கிடையாது. அரசு இதற்குத் தர வேண்டியது ஓர் அறையும், அந்த முதுகலை மாணவர்களுக்கு ஒரு சிறு உதவித்தொகையும். ஸ்மார்ட் போர்டு வாங்கும் செலவில் பல வருடம் ஓட்டலாம்.

அதுவரை தனியாகப் படிப்பவர்கள்

தனியாகவே படித்துத் தேறியவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் அவர்கள் வீடியோவை வீடியோவாகப் பார்ப்பதில்லை. பேராசிரியர் ஒரு கணக்கை எழுதியதும் பாஸ் செய்துவிட்டுத் தாங்களே போட்டுப் பார்க்கிறார்கள். சிக்கிய பிறகுதான் ப்ளே. ஒரு 50 நிமிட விரிவுரை இப்படிப் போனால் இரண்டு மூன்று நாள் ஆகும். ஆகட்டும். எம்ஐடி தளத்தில் வீடியோவுக்குப் பக்கத்திலேயே வினாத்தாளும் விடையும் இருக்கின்றன. பலர் அந்தப் பக்கமே போவதில்லை. நிஜமான பாடம் அங்கேதான் இருக்கிறது.

இன்னொன்று, கால்குலஸ் வரவில்லை என்று நினைக்கும் பலருக்கு உண்மையில் வராதது இயற்கணிதம். பின்னத்தைச் சுருக்குவது, அடுக்குக்குறி விதிகள், சைன் காஸ் அடிப்படை. வகையிடுவது சரியாக வந்தும் அடுத்த வரியில் சுருக்கும்போது தப்புவது. அப்படியென்றால் பத்தாம் வகுப்பு, பிளஸ் ஒன் புத்தகத்தை எடுத்து இரண்டு வாரம் உட்காருவதில் வெட்கம் ஒன்றுமில்லை. வேலைக்குப் போகிறவர்களுக்கும் இதுதான். எப்சிலான்-டெல்டா நிரூபணத்தை முதல் சுற்றில் தாண்டிவிட்டுப் போகலாம், பிறகு வந்து பார்த்துக்கொள்ளலாம். இயற்கணிதத்தைத் தாண்ட முடியாது.

முடிந்தால் இரண்டு பேராகப் படிப்பது நல்லது. அவருக்கும் தெரியாது, இவருக்கும் தெரியாது என்றாலும் பரவாயில்லை. ஒருவர் மற்றவருக்கு வாய்விட்டு விளக்க முயலும்போது எங்கே இடிக்கிறது என்பது தெரிந்துவிடும்.

என்பிடெல் பருவங்கள் ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்குகின்றன. அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. போனை ஓரமாக வைத்துவிட்டு ஒரு தாளை எடுங்கள். மேலே தூரம் என்பது நேரத்தின் வர்க்கமாக இருந்தது. இப்போது அது நேரத்தின் கனம். 2 நொடியில் 8 மீட்டர். 2.1 நொடியிலும், 2.01 நொடியிலும் கணக்கிட்டு, கூடிய தூரத்தைக் கூடிய நேரத்தால் வகுத்துப் பாருங்கள். 12-ஐ நெருங்குகிறதா?

ஏன் 12 என்பதை இன்று இரவு வீட்டில் யாருக்காவது சொல்லிப் பாருங்கள்.